நடுக்கோட்டில் எழுதிய பெயர்

“பெரியம்மா, எங்க அப்பா பேரை எந்தப் பக்கம் எழுதணும்?”

அசிமினா இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. என் வீட்டு முற்றத்து மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம். அபிசீனியாவின் திரே தாவாவில் அந்த நேரத்துக்கு நாய்கூட வெயிலில் நடக்காது. நான் அடுப்பின் வாயில் குனிந்து, மறுநாள் பூசைக்கான ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிரேக்கக் கோயிலுக்கு ரொட்டி சுடுவது என் பொறுப்பு. ரொட்டியோடு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தாள் போகும். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப் பக்கம் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், வலப் பக்கம் இறந்துபோனவர்களின் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்து, பெயருக்கு ஒரு துணுக்கு ரொட்டியைக் கத்தி நுனியால் எடுத்துத் தட்டில் வைப்பார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வரிசை, இறந்தவர்களுக்கு ஒரு வரிசை. குடும்பப் பெயர், தொழில், ஊர் எதுவும் வேண்டாம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும் போதும். கடவுளுக்கு ஆளைத் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை.

அதுவரை அசிமினாவின் வீட்டிலிருந்து தாள் வந்ததே கிடையாது. அவள் அம்மா யேஷி இந்த ஊர்க்காரி. அவளுக்கு அவளுடைய கோயில் இருந்தது. அசிமினாவுக்குத்தான் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம். சாமியாரின் ஞாயிற்றுப் பள்ளியில் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டு, முதல் தடவையாகத் தன் வீட்டுத் தாளைத் தானே எழுதுகிறேன் என்று வந்திருந்தாள்.

அவள் அப்பா யாகுமிஸ் பருத்தி ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். கலிம்னோஸ் தீவுக்காரன். தாயார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து, ரயிலில் ஜிபூத்திக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறினான். “மூணே மாசம்க்கா. இவங்க ரெண்டு பேரையும் பாத்துக்கங்க” என்று ரயில் ஜன்னலிலிருந்து என்னிடம் சொன்னான். சொல்லும்போதே இருமினான். ஆலைப் பஞ்சுத் தூசி என்று நினைத்தோம். அசிமினாவுக்கு அப்போது இரண்டு வயது. ஏழு வருடமாயிற்று. கடிதம் இல்லை, யார் மூலமாகவும் ஒரு சேதி இல்லை.

தீவில் அவனுக்குச் சின்ன வயதில் கட்டிவைத்த மனைவி ஒருத்தி இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யேஷிக்கும் தெரியும். அதனால் யாரும் விசாரித்து எழுதவில்லை. ‘போன எடத்துலயே ஒட்டிக்கிட்டான்’ என்று பேசி முடித்துவிட்டார்கள்.

இப்போது அவன் மகள் கேட்கிறாள், எந்தப் பக்கம் என்று.

பின்வரிசை ரொட்டியில் லேசாகக் கருகல் வாசனை வந்தது. நான் திரும்பிப் பார்க்காமலே, “இடப் பக்கம் எழுதுடி கண்ணு” என்று சொல்லிவிட்டு மரத்துடுப்பை உள்ளே நீட்டினேன்.

ரொட்டியைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அன்று நான் செய்த தவறு அதுதான்.

சாயங்காலம் யேஷி வந்தாள். ரயிலடியில் காப்பிக்கடை வைத்திருப்பவள், அந்த நேரத்தில் கடையை விட்டு வரவே மாட்டாள். தலையில் போட்ட வெள்ளைத் துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

“அக்கா, சேதி வந்துதா?”

“எந்தச் சேதி?”

“அவரு உயிரோட இருக்காருன்னு நீங்க சொன்னீங்களாமே. இவ தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. குதிரை வண்டிக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோயிலுக்கு ரொட்டி சுடுகிற பெரியம்மா இடப் பக்கம் என்று சொன்னால் அது விசாரித்துச் சொன்ன சேதி என்று குழந்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். அந்த இடத்திலேயே ‘இல்லை யேஷி, எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“கடவுள் கைவிட்டுடுவாரா யேஷி?” என்றேன்.

பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மையும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சுதான் அதிகம் கெடுதல் செய்கிறது. யேஷி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் எஃப்தெர்ப்பி அம்மாள் வந்தார். எங்கள் மாதர் சங்கத் தலைவி. அவருடைய கைத்தடி வாசல்படியில் விழும் சத்தத்திலேயே என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

“ஏய் பொலித்திமி, உனக்கு எப்படிடீ சேதி வந்துது? தந்தியா, இல்ல தேவதூதன் நேர்ல வந்தானா?”

“என்னம்மா சொல்றீங்க?”

“நான் என்ன சொல்றது? ஊரே சொல்லுது. அந்த டிக்கெட்டு குமாஸ்தா கெட்டாச்சு இருக்கான்ல, பொண்டாட்டி செத்தவன், பாவம் சாது. இந்த ஊரு வழக்கப்படி மூணு சுத்துக் காப்பியோட எந்திரிக்க வேண்டியவன் ரெண்டு வருஷமா அவ கடையில நாலாவது கேட்டு உக்காந்திருந்தான். கட்டிக்கறியான்னு கேட்டதுக்கு, நேத்து இஸ்திரி போட்ட சட்டையோட பதில் கேக்கப் போயிருக்கான். ‘என் வீட்டுக்காரரு உயிரோட இருக்காரு, மன்னிச்சுக்குங்க’ன்னுட்டாளாம் இவ. மூணாவது காப்பியைக்கூடக் குடிக்காம போயிட்டானாம்.”

நான் மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏண்டி முகம் அப்படிப் போகுது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சேதி ஒண்ணும் வரலை. அப்படித்தானே?”

“வரலைம்மா.”

“நெனச்சேன். போ. கையைக் கழுவிட்டு இப்பவே போ. நாளைக்கின்னு வெச்சா உன்னால சொல்ல முடியாது.”

எஃப்தெர்ப்பி அம்மாளைப் பற்றி நான் வாழ்நாளில் நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

யேஷி காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டி கருகிய வாசனை வந்தது உள்பட. அவள் வறுப்பதை நிறுத்தவில்லை. கொட்டை வெடித்து எண்ணெய் மினுங்கும் வரை வறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா. நீங்க கடவுள்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா உங்க வாயிலேர்ந்து வந்ததாச்சே, கெட்டியாப் புடிச்சுக்கலாம்னு தோணிச்சு.”

“கெட்டாச்சு கிட்ட நான் போய்ப் பேசவா?”

“அதுக்கு என்ன அவசரம்? அவரு ரெண்டு வருஷம் பொறுத்தவரு.” வறுத்த கொட்டையைத் தட்டில் கொட்டி ஊதினாள். “அக்கா, அசிமினாவோட அப்பா செத்திருந்தா நான் அழுவேன். அழுதுட்டு எந்திரிச்சுடுவேன். உயிரோட இருந்தும் வரலைன்னா? அதுக்கு அழறதா, திட்டறதா? இவ கேட்டா நான் என்ன சொல்றது? ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி, எனக்குத் தெரியணும். தெரியாம யாருக்கும் சரின்னு சொல்ல மாட்டேன்.”

அங்கிருந்து நேராகக் கிரிசாந்தோஸ் சாமியிடம் போனேன். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் மாதிரியே சொல்லி முடித்தேன்.

“ரொட்டி கருகினா வேற சுட்டிருக்கலாமேம்மா” என்றார். அவ்வளவுதான் அவர் கண்டித்தது. பிறகு வாளியை வைத்துவிட்டு, “கலிம்னோஸ்ல எனக்கு ஒரு சாமியாரையும் தெரியாது. அவன் எந்தக் கோயில் ஆளுன்னும் தெரியாது. பரவாயில்ல, கோயில் கோயிலா எழுதுவோம்” என்றார். அன்றைக்கே ஆறு கடிதம் எழுதினார். ஏழு வருடமாக நாங்கள் யாரும் செய்யாத வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை அசிமினா தன் தாளோடு வந்தாள். நான் அடுப்பை விட்டுவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“கண்ணு, போன வாரம் நான் தெரியாம சொல்லிட்டேன். உங்க அப்பா இருக்காரா இல்லையான்னு பெரியம்மாவுக்குத் தெரியாது. சாமி எழுதிக் கேட்டிருக்காரு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நடுவுல எழுதட்டுமா?”

“நடுவுலயா?”

“கோட்டு மேல. சேதி வந்ததும் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ மாத்திக்கலாம்.”

கோட்டின் மேலேயே, எழுத்துகள் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி நிறுத்தி நிறுத்தி எழுதினாள். யாகுமிஸ்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது சாமியார் என் பக்கமாக வந்து, “யாரும்மா அது, நடுவுல நிக்கிறது?” என்றார்.

நான் சொன்னேன்.

தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். “நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு வரிசைக்கும் நடுவுல வெச்சிருக்கேன். ஆண்டவருக்கு எந்தப் பக்கம்னு தெரியும், அவரே நகர்த்திக்கட்டும்.”

அப்படியே நான்கு மாதம் போயிற்று. ஆறு கடிதத்தில் மூன்றுக்கு, அப்படி ஒருவர் எங்கள் கோயிலில் இல்லை என்று பதில் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் யேஷி கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவாள், தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். கெட்டாச்சு அந்தக் கடைக்கு வருவதை விட்டிருந்தார். ஆனால் ஜிபூத்தி ரயிலின் தபால் பை இறங்கியதும், டிக்கெட்டு ஜன்னலை மூடிவிட்டு அவரே போய்ச் சாமியார் பெயருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார் என்று பின்னால்தான் தெரிந்தது. பதில் எப்படி வந்தாலும் அவருக்கு அதில் லாபமோ நஷ்டமோ உண்டு. ஆனாலும் கடிதத்தை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுக்கவில்லை.

நான்காவது கடிதம் தவக்காலத்துக்குச் சற்று முன்னால் வந்தது. சாமியார் அதைத் தன் வீட்டில் படிக்காமல், பிரிக்காத உறையோடு சைக்கிளில் யேஷியின் கடைக்கே வந்தார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். எஃப்தெர்ப்பி அம்மாளை யாரும் கூப்பிடவில்லை. “நான் சும்மா காப்பிக்கு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அசிமினா அம்மாவின் முழங்காலில் சாய்ந்து நின்றாள்.

சாமியார் படித்தார், கிரேக்கம் புரியாத இடங்களில் யேஷிக்கு அவள் மொழியில் சொன்னார்.

‘தாங்கள் கேட்ட யாகுமிஸ் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டாவது மாதம் நெஞ்சு நோயால் இறந்துபோனார். அவர் தாயார் அதற்கு ஒரு வாரம் முன்னால் போனார். இருவரையும் நான்தான் அடக்கம் செய்தேன்.’

யேஷி அசிமினாவின் தலையில் கையை வைத்தாள். சாமியார் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“படிங்க சாமி” என்றாள்.

‘கடைசி வாரம் அவருக்கு எழுத முடியவில்லை. கோயில் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி இரண்டு பெயர்கள் சொன்னார். உயிரோடு இருப்பவர்களின் பக்கம்: யேஷி, அசிமினா. முதல் பெயர் எங்கள் காதுக்குப் பழக்கமில்லாதது. யார் என்று கேட்டேன். கடவுளுக்குத் தெரியும் என்றார். முகவரி கேட்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு அவர் மனைவி கலோதீனாவிடம், இந்தப் பெயர்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “அவரு சொன்ன பேரு, இருக்கட்டும் சாமி” என்றார். கடற்பஞ்சு நறுக்கும் கூடத்தில் வேலை செய்து பிழைக்கிறவர், குழந்தை இல்லை. ஏழு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தன் கையால் சுட்ட ரொட்டியோடு அந்த இரண்டு பெயர்களையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நானும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு கேள்விதான் என்னிடம் கேட்டார்: “சாமி, ஆப்பிரிக்காவுல குளிர் உண்டா?” தங்கள் கடிதம் வந்த பிறகுதான் யாருக்காக வாசித்தேன் என்று எனக்கே தெரிந்தது.’

அடுப்பில் வைத்த மண் கூஜாவில் காப்பி பொங்கி வழிந்தது. யாரும் எழுந்துபோய் இறக்கவில்லை.

எஃப்தெர்ப்பி அம்மாள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலில் பேசினார்.

“அந்தச் சாமியாருக்குத்தான் தெரியலை. அவளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“எப்படிம்மா?” என்றேன்.

“எப்படியா? ஏண்டி, நீயும் கிரேக்கக்காரிதானே? அசிமினா யாரு பேரு? அவன் அம்மா பேருடீ! மாமியாரைப் புதைச்சு ஒரு வாரம் ஆகலை. அதே பேருல இன்னொருத்தி உசுரோட இருக்கான்னு புருஷன் சாகும்போது சொன்னா, அவளுக்குப் புரியாதா?”

எங்கள் வழக்கத்தில் மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். தனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அவளுக்கு என்ன பெயரென்று கலோதீனாவுக்குக் கல்யாண நாளிலிருந்தே தெரிந்திருக்கும். அந்தப் பெயரைத்தான் ஞாயிறு தவறாமல் தன் கையால் கொடுத்து வந்திருக்கிறாள்.

யேஷிக்குச் சாமியார் மெதுவாகச் சொல்லிப் புரியவைத்தார். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். யாகுமிஸுக்காக அழுதாள், உரக்க, மார்பில் அடித்துக்கொண்டு, அவள் மக்கள் அழுவது போல. நடுவில் நிறுத்தி, “என்னைத் திட்டியிருக்கலாமே அந்த அம்மா. ஒரு ஞாயித்துக்கெழமையாவது விட்டிருக்கலாமே” என்றாள். பிறகு மறுபடி அழுதாள்.

அசிமினா என் பாவாடையை இழுத்தாள்.

“பெரியம்மா, நான் வலப் பக்கம் மாத்தி எழுதிக்கறேன். நீங்க சொல்லித்தர வேண்டாம்.”

இரண்டு வாரத்தில் ஆத்துமாக்களின் சனிக்கிழமை வந்தது. இறந்தவர்களுக்காகக் கோதுமையை அவித்து, உலர்த்தி, மாதுளை முத்தும் திராட்சையும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரை பரப்பிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். யேஷி தானே செய்கிறேன் என்று என் முற்றத்துக்கு வந்தாள்.

“எங்க சாவு வீட்லயும் கோதுமைதான்க்கா அவிப்போம். கடலையும் போடுவோம். இந்தச் சக்கரைதான் புதுசு” என்றாள். “அவருக்கு இனிப்பு புடிக்கும். நெறையப் போடுங்க.”

அப்போது கைத்தடிச் சத்தம் கேட்டது. எஃப்தெர்ப்பி அம்மாள் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு முன்னால மனைவின்னு யாரை நிறுத்துவீங்க? தீவுல ஒருத்தி முறையா இருக்கா. சங்கத்துல கேப்பாங்க. நான் கேக்கலை.”

“நீங்க கேக்கலைன்னா சங்கத்துல வேற யாரு கேக்கப் போறாங்க?” என்றார் சாமியார்.

“அதுவும் சரிதான்” என்றார் அம்மாள்.

“கோதுமையை யாரு அவிச்சாங்களோ அவங்க முன்னால நிக்கட்டும். அது போதும்.”

எஃப்தெர்ப்பி அம்மாள் யேஷியைப் பார்த்தார். புகையில் சிவந்த கண்ணோடு அவள் பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மாள் சட்டென்று திரும்பிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சின்னத் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே வெள்ளி பூசின சர்க்கரை மணிகள்.

“ஏதென்ஸ்லேர்ந்து வந்தது. பேத்தி கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தேன். அவளுக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையலை. வெச்சிருந்தா எறும்புதான் தின்னும்.” யேஷியின் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நகருடீ. சிலுவையை நேரா போடத் தெரியுமா உனக்கு? குடு இப்படி.”

இரண்டு பேரும் சேர்ந்துதான் சிலுவையைப் போட்டார்கள். அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. எஃப்தெர்ப்பி அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் கோயிலில் யேஷி கறுப்பு உடுத்தி முன்னால் நின்றாள். சாமியார் யாகுமிஸ் என்று வாசித்தபோது அசிமினா அம்மாவின் கையை அழுத்தினாள். அவிழ்ந்த முடிச்சு மாதிரி யேஷியின் தோள் தாழ்ந்தது. கடைசி வரிசையில், எங்கள் கோயிலுக்கு அதுவரை வந்திராத கெட்டாச்சு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெளியே வந்ததும் யேஷி அவருக்கும் ஒரு கை கோதுமை கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஒரு வருடம் துக்கம் முடிந்த பிறகு அவர்கள் கல்யாணம் நடந்தது. கெட்டாச்சுவுக்கு வேலை மாறி, மூன்று பேரும் அடிஸ் அபாபாவுக்குப் போனார்கள்.

போவதற்கு முன்னால் யேஷி அசிமினாவைப் புகைப்படம் எடுத்து, ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டையோடு தீவுக்கு அனுப்பினாள். கலோதீனா சொல்லச் சொல்ல எழுதியது, அங்கிருந்த சாமியார் கையெழுத்தில் இரண்டு வரி வந்தது. ‘பொண்ணு எங்க மாமியார் ஜாடை. நெத்தி அப்படியே இருக்கு. காப்பி வாசனை வீடெல்லாம் நிறைஞ்சிருக்கு.’ அதோடு சரி. அவளும் பிறகு எழுதவில்லை, இவர்களும் எழுதவில்லை. அதற்கு மேல் எழுத அந்த இரண்டு பெண்களுக்கும் என்ன இருக்கிறது?

அரசர் போய்ப் பட்டாளம் வந்ததற்கு அடுத்த வருடம், என் மகன் என்னை ஏதென்ஸுக்கு அழைத்துக்கொண்டான். திரே தாவாவில் ஐம்பது வருடம் நான் வெளிநாட்டுக்காரி. ஏதென்ஸில் மாடிப்படியில் எதிர்ப்படும் பெண்களுக்கு நான் ‘அபிசீனியாக்காரி’. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு பெயரிலும் என்னைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அங்கே போன இரண்டாவது கோடையில், மகனிடம் யாத்திரை என்று சொல்லிவிட்டுக் கலிம்னோஸுக்குப் படகு ஏறினேன். கலோதீனாவைப் பார்க்க வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், “அவங்க போய் மூணு வருஷம் ஆச்சே” என்றாள். பழைய சாமியாரும் இல்லை. நான் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

அங்கே காவலுக்கு இருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கலோதீனாவா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நாளைக்கு எடுக்கப்போறோம்.”

தீவில் மண் கொஞ்சம். மூன்று வருடமானால் எலும்பை எடுத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்கு விடுவார்கள். வீட்டுப் பெண்கள் எலும்பைத் திராட்சை ரசத்தில் கழுவி, ஒரு பெட்டியில் வைத்து, பெயரெழுதி, அதற்கென்று கட்டிய அறையில் அடுக்குவார்கள். யாரும் இல்லாதவர்களுடையது பொதுக்குழிக்குப் போகும். திரே தாவாவில் எங்களுக்கு நிலத்துக்குப் பஞ்சமில்லை. புதைத்தவர்கள் புதைத்த இடத்திலேயே இருக்கிறார்கள். இந்த வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

“அவங்களுக்கு யாரும் இல்ல. அதனால பெட்டி ஒண்ணும் செய்யச் சொல்லலை” என்றார்.

“நான் கழுவறேன். இன்னிக்கே எடுங்க.”

“நீங்க அவங்களுக்கு ஒறவா?”

“ஒறவுதான்.”

“எந்த வழியில?”

“ஆப்பிரிக்கா வழியில.”

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மண் இளகியிருந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார். பழைய மரப்பெட்டி ஒன்றையும் தேடிக் கொண்டுவந்தார்.

“இனி பொம்பளைங்க வேலை. நான் துறைமுகத்துல ஒரு காப்பி குடிச்சிட்டு வர்றேன்” என்று இறங்கிப் போனார்.

தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. கீழே கடல் வெயிலில் பளபளத்தது. கோயிலிலிருந்து வாங்கி வந்த திராட்சை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கைகளை முதலில் கழுவினேன். அந்தக் கைகள் மாவு பிசைந்ததை நான் பார்த்ததில்லை. விரல் எலும்பு ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். தலையை மடியில் வைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவது போல மெதுவாகத் துடைத்தேன். யாருக்காகச் செய்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. “யேஷிக்காக. அசிமினாவுக்காக” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்காகவும்” என்றேன்.

இதை நான் யேஷிக்கு எழுதவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

எலும்புகள் உலர்ந்ததும் பெட்டியில் அடுக்கி, பெயரை எழுதி, அறைக்குள் கொண்டுபோனேன். யாகுமிஸின் பெட்டி சுவரோரம் மூன்றாவது தட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்க இடம் விட்டிருந்தது. அங்கே வைத்து, அவன் பெட்டி மூடியில் படிந்த தூசியைப் பாவாடை நுனியால் துடைத்தேன். வெளியே குழாயில் கை கழுவிக்கொண்டு, காவல்காரர் திரும்பி வருவதற்குள் படகுத்துறைக்கு நடந்தேன்.